மேளம் இல்லாவிட்டால் யாருடைய காரியம் நிற்கும்?

நம் கல்யாணங்களில் ஆகச் சத்தமாக ஒலிக்கும் இசை, யாரும் உட்கார்ந்து ரசிப்பதற்காக வாசிக்கப்படுவதில்லை. ஐயர் விரலை உயர்த்தி ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்கிறார். தவிலும் நாதஸ்வரமும் ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போகின்றன. மூன்று முடிச்சு விழும்வரைதான். பிறகு அடங்கிவிடும். அந்த நேரத்தில் யாராவது தும்மினாலும், சாம்பார் போதவில்லை என்று சமையற்கட்டிலிருந்து யாராவது கத்தினாலும், பழைய பகையை மனத்தில் வைத்து ஓர் உறவினர் ஏதாவது முணுமுணுத்தாலும் மணமக்கள் காதில் விழக்கூடாது. நல்ல சொல் அல்லாத எதுவும் அந்த முடிச்சுக்குள் போய்விடக்கூடாது. அந்த மேளம் அதற்காகத்தான்.

கலை என்றால் என்ன, அதனால் யாருக்கு என்ன ஆகிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கெட்டிமேளம்தான். கலைக்குப் பயன் தேடுவதே அதைச் சிறுமைப்படுத்துவது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1790-இல் ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட், ஒரு பொருளால் நமக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லாதபோதுதான் அதன் அழகை நாம் தூய்மையாக உணர்கிறோம் என்று வாதிட்டார். பெரிய மனிதர், பெரிய வாதம். ஆனாலும் நான் வளர்ந்த மலேசியாவின் பினாங்கில், என்னைச் சுற்றி இருந்த கலை எதுவும் அப்படி இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த கலைக்கெல்லாம் ஒரு வேலை இருந்தது. அந்த வேலைக்காகக் காத்திருந்த மனிதர்கள் இருந்தார்கள். அதனால் எந்தக் கலையைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: இது இல்லாவிட்டால் யாருடைய காரியம் நின்றுபோகும்?

சில மாதங்களுக்கு முன் பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபத்தில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். அலங்காரத்துக்கு நிறையச் செலவு செய்திருந்தார்கள்; மணமேடையில் இறக்குமதிப் பூக்கள், மேலே விளக்குகள். மேளம் மட்டும் ஒலிபெருக்கியில். மண்டபத்துப் பையன் ஒருவன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். ஐயர் விரலை ஆட்டியபோது அவனுக்கும் மேடைக்கும் நடுவே வீடியோக்காரர் நின்றார். அவன் பார்க்கவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். மண்டபம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் பெண்ணின் பெரியம்மா, "மேளம் எங்கே? மேளம் போடுங்கப்பா!" என்று பதறிக் கத்தியதுதான் அந்த முடிச்சுக்குள் போன சொல். முதல் முடிச்சு விழுந்த பிறகு பாட்டு வந்தது. மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஐயர் ஆசீர்வாத மந்திரத்தை அதற்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

பதிவில் இருந்த வாசிப்பு அருமையான வாசிப்பு. யாரோ பெரிய வித்துவான். சுருதி சுத்தம், வேகம், கார்வை எல்லாம் இருந்தது. கண் மட்டும் இல்லை. தவில்காரரின் கண் ஐயரின் விரல்மேல் இருக்க வேண்டும். அவர் வாசிப்பதில் பாதி பார்ப்பது. பதிவுக்குள் கைத்திறன் முழுவதும் வந்துவிடுகிறது. அந்தக் கவனம் வருவதில்லை. அந்தக் கவனத்தையும் கலையின் ஒரு பகுதியாகத்தான் நான் எண்ணுகிறேன்.

கோயில் நாதஸ்வரத்தைக் கவனித்திருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. சாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி. கம்பீரநாட்டை ராகம், வரிகள் கிடையாது. அதிலும் தேருக்கு ஒன்று, தீர்த்தம் கொண்டுவரும்போது ஒன்று, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் எடுத்து வரும்போது தளிகை மல்லாரி என்று ஒன்று. கூட்டத்தின் கடைசியில், தூணுக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் கண்ணில் எதுவும் படாது. ஆனால் காதால் கேட்டே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வாள். விடியலுக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி. கடிகாரம் இல்லாத ஊருக்கு அது நேரம் சொன்னது. உள்ளே போக முடியாதவர்களுக்கு அது உள்ளே நடப்பதைச் சொன்னது. (உள்ளே போகக் கூடாது என்று நிறுத்தப்பட்டவர்களும் அந்த ஒலியைக் கேட்டுத்தான் கும்பிட்டார்கள். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.)

வேலை, கருவியின் உடம்பையே வடிவமைத்துவிடுகிறது. வீதியில், திறந்த வெளியில், வெடிச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் மேலே எட்டவேண்டிய காலத்தில் நாதஸ்வரம் குட்டையாக, சுருதி உயர்ந்து இருந்தது. அது திமிரி. டி. என். ராஜரத்தினம் பிள்ளை கச்சேரி மேடையில் உட்கார்ந்து வாசிக்க வந்தபோது அந்தச் சுருதி அறைக்குள் குத்தியது. கருவி செய்யும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியோடு சேர்ந்து நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தை அவர் கொண்டுவந்தார். இன்று நாம் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். ஆச்சா மரத்தில் செய்வார்கள். அதுவும் புதிதாக வெட்டிய மரம் ஆகாது, பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் போன்ற பல்லாண்டு காய்ந்த மரம் வேண்டும். ஒரு வீட்டைத் தாங்கி நின்ற மரம் இன்னொரு வேலைக்குப் போகிறது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவிக்குப் பாதுகாப்பு வந்தது நல்லது. வாசிக்கிறவருக்கு?

இங்கே பினாங்கில் செட்டிப் பூசத்தன்று, தைப்பூசத்துக்கு முதல் நாள், பினாங்கு வீதியிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பி தண்ணீர்மலை முருகன் கோயில் வரை போகும். வழியெல்லாம் தேங்காய். குவியல் குவியலாக உடைப்பார்கள். தமிழர்களைவிடச் சீனர்கள் அதிகமாக உடைக்கும் இடங்களும் உண்டு. இந்த இரைச்சலுக்கு நடுவே நாதஸ்வரக்காரர் நடந்துகொண்டே வாசிக்கிறார். அவரைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் ரதத்துக்கு முன்னால் நடக்கிறவர்களின் காலில் ஒரு தடுமாற்றம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது அவர்களுக்கே அப்போதுதான் தெரியும்.

இது ஏதோ நாட்டுப்புறத்துக்கு மட்டும் உரிய பார்வை என்று சொல்ல முடியாது. மாதவி ஆடிய அரங்கைச் சொல்ல வந்த இளங்கோவடிகள் முதலில் அளவைத்தான் சொன்னார்: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல், ஒரு கோல் என்பது 24 பெருவிரல் அகலம். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை எங்கே வைப்பது என்பதும் அதில் உண்டு. ஆடுகிறவளின் முகம் கடைசி வரிசைக்குத் தெரியவேண்டுமே என்ற அக்கறை. நம்மிடையே கலையைப் பற்றிய பேச்சு மரவேலையிலும் விளக்கெண்ணெயிலும் காலூன்றித்தான் நின்றிருக்கிறது.

ஆனந்த குமாரசுவாமி இதை நம்மைவிடத் தெளிவாகச் சொன்னவர். 1877-இல் கொழும்பில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா ஆங்கிலேயர். நிலவியல் படித்து, இலங்கையின் கனிமங்களை ஆய்வு செய்யும் வேலையில் இருந்தபோது ஊர் ஊராகச் சுற்றி, கிராமத்துக் கைவினைகள் அழிந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவரைக் கலை வரலாற்றுக்குக் கொண்டுவந்தது. 1917 முதல் 1947-இல் இறக்கும்வரை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்தார். அருங்காட்சியகத்துக்குள் இருந்துகொண்டே, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருக்குத் தேவைப்பட்ட பொருள், தேவையிலிருந்து பிரித்த பிறகு அதை வெறும் ரசனைக்குரிய பொருளாகப் பார்ப்பது அதைத் தவறாகப் புரிந்துகொள்வது என்று எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. மலேசியாவில் யாழ்ப்பாணத் தமிழர் இவ்வளவு பேர் இருந்தும் அவர் பெயர் நம் மேடைகளில் இவ்வளவு குறைவாக ஒலிப்பது எனக்கு வருத்தம்.

ஆனால் ஓரிடத்தில் அவரை என்னால் ஏற்க முடியாது. ஒவ்வொரு கைவினைக்கும் ஒரு குலம், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கடமை என்ற பழைய சாதி அடுக்கை அவர் நியாயப்படுத்தினார். கலைக்கு வேலை இருந்த காலத்தில் அந்த வேலையை மறுக்கும் உரிமை கலைஞனுக்கு இல்லை. சாவு வீட்டில் பறை அடித்தே ஆகவேண்டும். அடித்துவிட்டு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். கூலி என்று கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். கடல் தாண்டி வந்த பிறகும் தோட்டத்து லயங்களில் அது முழுவதும் ஒழியவில்லை. எந்த வீட்டுக் கல்யாணத்தில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே "கலைக்கு வேலை உண்டு" என்று நான் சொல்லும்போது, "கலைஞன் வேலைக்காரன்" என்று யாரும் கேட்டுவிடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இருக்கிறது.

ஒப்பாரியை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். என் அம்மாவழிப் பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தவர். அவர் இறந்தபோது நான் பள்ளி மாணவன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடி ஆடிப் பாடினார்கள். பாட்டியின் நல்ல குணத்தில் தொடங்கிய பாட்டு மெல்லத் திரும்பி, வரவேண்டியவர்களில் வராதவர்மேல் போனது. என் பெரியம்மா பாடினார்:

"பந்தலெல்லாம் ஆளிருக்கு, பாசமுள்ள அண்ணனில்லே
பால்வெட்டப் போன தாயி பசியோட போனாளே"

அந்தப் "பாசமுள்ள அண்ணன்", என் மாமா, பந்தலில்தான் இருந்தார். வாசலில், மூங்கில் காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏதோ பணத் தகராறில் மூன்று தீபாவளிக்கு வீட்டுப் பக்கம் வராதவர். பாட்டி உயிரோடு இருந்தபோது அவரிடம் இதைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. சொன்னால் சண்டை, அடிதடிவரை போகும். ஒப்பாரியில் சொன்னதற்கு யாரும் பதில் பேசக்கூடாது என்பது எழுதாத சட்டம். பெரியம்மா அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் அவர் வண்டியில்தான் வந்து இறங்கியது.

அதே ஒப்பாரியில் இன்னொன்றும் நடந்தது. வயதான ஒரு கிழவி பாட்டியின் தம்பியைக் கூப்பிட்டு அழுதார். அவர் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, போனவர். 1942-லும் 1943-லும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் ஒருவர். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள். போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. உடல் வராததால் அவருக்குக் காரியமும் நடக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் யார் இறந்தாலும் அந்த ஒப்பாரியில் அவர் பெயரும் ஒரு தடவை வந்துவிடும். அவருக்கு நடந்த காரியம் அது ஒன்றுதான். ஒவ்வொரு சாவிலும் திரும்பத் திரும்ப நடந்தது.

அந்தப் பெண்களை யாரும் கலைஞர் என்று அழைத்ததில்லை. எதுகையும் மோனையும் அவர்களுக்குத் தானாக வந்தன. வந்தாக வேண்டும், ஏனென்றால் எதுகை இல்லாவிட்டால் அடுத்தவள் அடுத்த வரியைப் பிடித்து ஏற முடியாது. அழகு அங்கே ஒரு கைப்பிடி மாதிரி. இப்போது பினாங்கில் சாவு வீடுகளில் ஒலிபெருக்கியில் தேவாரமோ பக்திப் பாட்டோ ஓடுகிறது. நாகரிகமாக இருக்கிறது, சரி. ஆனால் தேவாரம் எந்த மாமனையும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. அந்தக் கேள்விகள் இப்போது வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகின்றன, அல்லது யாரும் கேட்காமலே புதைந்துவிடுகின்றன.

கலை வேலை செய்கிறது என்பதாலேயே அந்த வேலை நல்லது என்று ஆகிவிடாது. இதைப் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் தினமும் பார்க்கிறேன். 2000-ஆம் ஆண்டோடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தது. பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் தலைமுறைகளாக இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாக ஆயர் ஈத்தாமுக்கும் பாயான் பாருவுக்கும் கடலைத் தாண்டிப் பிறைக்கும் போனார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் எடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் மாநில அரசு இரும்புக் கம்பிகளை வளைத்துக் கேலிச்சித்திரங்களாகச் சுவர்களில் பொருத்தியது. இந்தச் சந்தில் இன்ன தொழில் நடந்தது, இன்னார் வாழ்ந்தார்கள் என்று சொல்லும் சித்திரங்கள். 2012-இல் லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சக்கரேவிச் ஆர்மேனியன் வீதியில், உண்மையான சைக்கிள் ஒன்றைச் சுவரில் பதித்து, அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்தார். அந்தச் சைக்கிளுக்கு முன்னால் இன்றும் வரிசை நிற்கிறது.

நான் அந்த ஓவியத்தை வெறுக்கவில்லை. அந்தச் சிறுமியின் சிரிப்பு நல்ல கை வரைந்த சிரிப்பு. வெயிலிலும் மழையிலும் சுண்ணாம்புச் சுவரில் நிறம் மங்கி உரியும் என்று தெரிந்தே வரையப்பட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் என் கேள்வியை அங்கேயும் கேட்கிறேன். அது இல்லாவிட்டால் யாருடைய காரியம் நிற்கும்? ஐஸ் கச்சாங் விற்பவர், சாவிக்கொத்து விற்பவர், தங்கும் விடுதிக்காரர். அவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான், பிழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சந்தில் வளர்ந்த குழந்தைகள்? அவர்கள் அங்கே இல்லை. சுவரில் குழந்தைகள் வந்த காலமும் வீட்டில் குழந்தைகள் குறைந்த காலமும் ஏறக்குறைய ஒன்று. வீடுகள் காலியானதற்கு ஓவியம் காரணம் அல்ல. சட்டம் முதலில் வந்தது, பட்டியல் அடுத்து வந்தது, தூரிகை கடைசியில்தான் வந்தது. ஆனாலும் காலியான வீட்டுக்குக் கலகலப்பான முகம் கொடுக்கும் வேலையை அது செய்துவிட்டது. இரும்புக் கம்பிச் சித்திரங்கள் இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் நேர்மையாகப் படுகின்றன. இங்கே ஒருவர் இருந்தார் என்று அவை சொல்கின்றன. இருக்கிறார் என்று நடிக்கவில்லை.

குவீன் வீதி மாரியம்மன் கோயில் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. 1833-இல் எழுந்தது. பாரம்பரியப் பட்டியலுக்கு அந்தக் கோபுரமும் ஒரு காட்சிதான். ஆனால் பிறைக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் போனவர்கள் அதற்காக இன்னும் திரும்பி வருகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பது நம் வழக்கம். சுதை உடைந்த கைகளை ஒட்டி, நிறம் தீட்டி, எல்லாவற்றையும் மறுபடி தொடங்குவது. பழைய நிறத்தை அப்படியே காப்பது பாரம்பரியத் துறையின் வேலை. சாமிக்குப் புதுத்துணி மாதிரிப் புது நிறம் கொடுப்பது பக்தரின் வேலை. 2018-இல் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளுக்கும் வண்ணம் தீட்டியபோது இந்த இரண்டு நியாயங்களும்தான் மோதின. நான் பக்தர் பக்கம். பயன்பாட்டில் இருக்கும் ஒன்றை, பயன்படுத்துகிறவர்கள் தொடக்கூடாது என்றால் அது யாருக்கு?

பேரங்காடிகளில் தீபாவளிக்குப் போடும் வண்ண அரிசிக் கோலத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அழகாக இருக்கிறது, பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாசலே இல்லாத இடத்தில் போட்ட கோலம். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

உறுமியைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை சாலையில் நின்று, "இங்கே இத்தனை இளைஞர்கள் உறுமி வாசிக்கிறார்களா!" என்று வியப்பதைப் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் ஒவ்வொரு தாமானிலும் (வீடமைப்புப் பகுதியிலும்), ஒவ்வொரு பிளாட்டிலும் ஒரு குழு. உறுமி, பம்பை, தவில். சிலர் நாதஸ்வரமும் சேர்ப்பார்கள். பெரும்பாலோர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்து ஓரத்துக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். ஒரு காலத்தில் பிறப்பால் சுமத்தப்பட்ட வாத்தியத்தை இந்தப் பிள்ளைகள் தாங்களாக எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். இங்கே எந்தச் சாதிப் பையன் உறுமி வாசிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. குமாரசுவாமி பார்த்திருக்க வேண்டிய காட்சி அது.

என் சித்தி மகன் காவடி எடுத்த ஆண்டில், மலைக்குக் கீழே ஒரு சின்னக் கோயில் வாசலிலிருந்து அவனோடு நடந்தேன். காவடி முப்பது கிலோ இருக்கும். கன்னத்தில் அலகு குத்தும்வரை மற்ற வாத்தியங்கள் அடங்கி, உறுமி மட்டும் ஒலித்தது. வளைந்த குச்சியை ஒரு பக்கத் தோலில் அழுத்தி இழுக்கிறார்கள், தோல் உறுமுகிறது. அடிக்கிற ஓசையில்லை அது, தேய்க்கிற ஓசை. காதில் கேட்பதற்கு முன் வயிற்றில் கேட்கும். அலகு உள்ளே போனபோது தம்பியின் கண் எங்கேயோ இருந்தது.

பிறகு நடை. அங்கேதான் எனக்கு அந்த வாசிப்பின் உள்வேலை புரிந்தது. குழுவில் ஒரு பெரியவர் இருந்தார், பம்பைக்காரர், அறுபதைத் தாண்டியவர். உறுமி வைத்திருந்த பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். கூட்டத்தைப் பார்த்து உற்சாகத்தில் வேகத்தை ஏற்றிவிட்டான். தம்பியின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. பெரியவர் பம்பையை நிறுத்தாமலே பையனின் காதருகில் குனிந்து, "ஜனத்தப் பாக்காதடா தம்பி. ஆள் காலப் பாரு. அவன் காலு என்ன கேக்குதோ அத வாசி" என்றார். பையன் தலையைக் குனிந்து தம்பியின் பாதத்தைப் பார்த்தான். அடி இறங்கியது. நான்கு, ஐந்து அடிக்குள் தம்பியின் மூச்சு சீரானது. தண்ணீர்ப் பந்தல் வரை அந்த நடைதான். பந்தலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததும் பெரியவர் கண்ணைக் காட்டினார், உறுமி ஏறியது, முப்பது கிலோவோடு அவன் சுழன்று ஆடினான். மலைமேல் 500-க்கும் மேற்பட்ட படிகள். படியில் ஒரு வாசிப்பு, திருப்பத்தில் ஒரு வாசிப்பு, கடைசிப் படிகளில் வேறொன்று. அந்த மேளம் நின்றிருந்தால் தம்பி பாதியில் உட்கார்ந்திருப்பான். அவனே பிறகு சொன்னான்: "அண்ணே, காவடி என் தோள்ல இல்ல, அவங்க கையிலதான் இருந்துச்சு."

ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசம் நெருங்கும்போது உறுமிக் குழுக்களுக்கு அறிவுரை வரும். சினிமாப் பாட்டு வேண்டாம், ஊதுகுழல் வேண்டாம், குத்தாட்டம் வேண்டாம். அதில் நியாயம் இருக்கிறது. சில குழுக்கள் சாமி வந்தவரை விட்டுவிட்டுக் கேமராவுக்கு வாசிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எதை வாசிக்கக்கூடாது என்று சொல்ல ஒரு நோட்டீஸ் போதும். எதை வாசிப்பது என்று சொல்ல, தெரிந்த ஒருவர் அந்தப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். நாதஸ்வரத்துக்கும் சிற்பத்துக்கும் நாம் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வரவழைத்து, பெர்மிட்டுக்காகக் காத்திருக்கிறோம். உறுமிக்கு ஆள் இங்கேயே இருக்கிறார்கள், பிளாட்டின் கீழ்த்தளத்தில், இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடும்வரை பழகிக்கொண்டு. அவர்களுக்குப் பழக ஓர் இடம் கொடுக்க எத்தனை கோயில்கள் முன்வந்திருக்கின்றன? அன்னதானக் கூடம் வாரத்தில் ஆறு நாள் பூட்டித்தானே கிடக்கிறது?

நாங்கள் சிலர் இதை எங்கள் பக்கத்துக் கோயில் நிர்வாகத்திடம் கேட்டோம். முதலில் தயங்கினார்கள், சத்தம், ஒழுக்கம், சிகரெட் என்றார்கள். அந்தப் பம்பைக்காரப் பெரியவரே வந்து, "நான் பொறுப்பு" என்று சொன்ன பிறகு சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கூடத்தைத் திறந்துவிடச் சம்மதித்தார்கள். இப்போது பையன்களும் இரண்டு பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். முதல் அரைமணி நேரம் கருவியே கிடையாது. ஒருவர் கூடத்தின் நீளத்துக்கு நடக்க வேண்டும், மற்றவர்கள் அவர் காலைப் பார்த்துக் கையைத் தட்ட வேண்டும். வேகமாக நடப்பார், திடீரென்று தளர்வார், நிற்பார். தட்டுகிறவர்கள் கூடவே போக வேண்டும். பெரியவருக்கு முட்டிவலி, அப்படியும் முதலில் நடப்பது அவர்தான்.

பம்பையில் ஒன்றுக்குத் தோல் கிழிந்துவிட்டது. மாற்றுவதற்குச் சுங்கை பட்டாணியில் ஒருவர் இருக்கிறார், வேலை சுத்தமாக இருக்கும் என்கிறார்கள். இரண்டு உறுமிக்கும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். பழைய பித்தளைப் பம்பை வீட்டில் சும்மா கிடக்கிறது என்றால், காட்சிக்கு வைத்திருப்பவர்கள் உட்பட, கொடுத்து உதவுங்கள். ஓட்டை உடைசல் இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த தைப்பூசத்துக்குள் சரிசெய்துவிடலாம் என்கிறார் பெரியவர்.